காவல் இருக்கும் மீன்

ஓர் உயிர் தன் குஞ்சுகளுக்குக் காவல் இருப்பதால் இடத்தை விட்டு நகராமல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து அதைப் பிடிப்பதும் மற்ற நேரத்தில் பிடிப்பதும் ஒன்றுதானா? மீன் தின்பவள் நான். மீன் பிடிப்பதே பாவம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இந்த இரண்டும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை ஒரு மீனை முன்வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அது நம் ஊர் மீன் இல்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் நம் வீடுகளுக்குள்தான் வந்து நின்றேன்.

கிராப்பி என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். வெள்ளை, கறுப்பு என்று இரண்டு இனங்கள் உண்டு. விரித்த உள்ளங்கை போலத் தட்டையான, வெள்ளி நிற உடம்பு. குளிர்காலம் முழுவதும் ஏரியின் ஆழத்தில் கூட்டமாகக் கிடக்கும். வசந்தத்தில் தண்ணீரின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கரைப்பக்கம் வரத் தொடங்கும். தெற்கு மாநிலங்களில் இது மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கிறது. வடக்கே மே, ஜூன் ஆகிவிடும். டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டது என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. அந்தச் சில வாரங்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

முதலில் கரைக்கு வருவது ஆண் மீன். இடுப்பளவு தண்ணீரில், சில இடங்களில் அதைவிட ஆழத்தில், நாணலோ மூழ்கிய மரக்கிளையோ இருக்கும் இடமாகப் பார்த்து, அடிமண்ணை விலக்கி வட்டமாக ஒரு பள்ளம் செய்கிறது. அந்த நாட்களில் அதன் நிறம் மாறுகிறது. தலையும் தொண்டையும் மார்பும் மை தடவியதுபோலக் கறுத்துவிடுகின்றன. பெண் மீன் வந்து முட்டையில் ஒரு பகுதியை இடுகிறது; வேறோர் ஆணின் பள்ளத்தில் இன்னொரு பகுதியை இடுகிறது; பிறகு ஆழத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு பெண் மீனுக்குப் பல ஆயிரம் முட்டைகள். பெரிய மீனானால் லட்சத்தையும் தாண்டும். அதன் பிறகு பள்ளத்தின் மேல் நிற்பது ஆண்தான். துடுப்பை அசைத்து அசைத்து முட்டைகளின் மேல் தண்ணீரை ஓடவிடுகிறது. சேறு படியாமலும் முட்டைக்கு மூச்சுக் கிடைக்கவும் அந்த ஓட்டம் வேண்டும். முட்டை தின்ன வரும் சிறு மீன்களைத் துரத்துகிறது. இரை தேடி வெளியே போவதில்லை. முட்டை பொரிய இரண்டு முதல் ஐந்து நாட்கள். குஞ்சுகள் நீந்திப் பிரியும்வரை இன்னும் சில நாட்கள்.

இனி மனிதர்கள் செய்வது. பத்து, பன்னிரண்டு அடி நீளமுள்ள தூண்டில் கழி. மெல்லிய நரம்பு. ஒரு கிராம் எடைகூட இல்லாத ஈயத் தலையில் கொக்கி, அதில் பறவை இறகோ ரப்பர் வாலோ கட்டியிருக்கும். அதற்கு ஜிக் என்று பெயர். உயிருள்ள பொடிமீனைக் கொக்கியில் கோத்து, மேலே தக்கை கட்டி விடுபவர்களும் உண்டு. படகில் ஏழெட்டுக் கழிகளை விசிறிபோல நீட்டிவைத்து மெதுவாக நகர்வது ஒரு முறை. பார்ப்பதற்குச் சிலந்தி போல இருப்பதால் அதற்குச் சிலந்தியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். முட்டைக் காலத்தில் எளிமையான முறை போதும். புதரை ஒட்டிப் படகை நிறுத்தி, நீளக் கழியால் ஜிக்கைக் கிளைகளுக்கு நடுவில் நேராக இறக்கி, அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மீன் இருந்தால் சில நொடிகளில் கடித்துவிடும். வேகமாகச் சுண்டக் கூடாது. கிராப்பியின் வாய்ச்சவ்வு மிக மெல்லியது, கிழிந்துவிடும். காகித வாய் என்பது அதற்கு அங்குள்ள பட்டப்பெயர்.

இந்தத் திறமைகளில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நீரைப் படிப்பதும், வெப்பத்தை அளப்பதும், கை அசையாமல் நிற்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய கலைகள்தாம். எனக்குச் சிக்கலாகப் படுவது ஒன்று: இரை தேடாத மீன் ஏன் கடிக்கிறது? முட்டையின் மேல் ஏதோ ஒன்று வந்து நின்றுவிட்டது, அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதால் கடிக்கிறது. வயிற்றுக்காகக் கடிக்கும் மீனைப் பிடிக்க நாம் அதன் பசியைப் பயன்படுத்துகிறோம். காவலுக்காகக் கடிக்கும் மீனைப் பிடிக்க அதன் அக்கறையைப் பயன்படுத்துகிறோம். நம் கையில் இருக்கும் கழி ஒன்றே. ஆனால் மீனைக் கொக்கிக்கு இழுத்துவந்தது வேறு.

இந்தக் காவல் காட்சியை விவரிக்கும் ஓர் ஆங்கிலப் பத்தியை நான் மொழிபெயர்ப்புத் தாள் வகுப்பில் கொடுத்தேன். ஆணா பெண்ணா என்று தெரியாதபடி, காவல் இருக்கும் மீன் என்று மட்டும் வரும் பத்தி அது. முதுகலை மாணவியர் முப்பது பேருக்கு மேல் எழுதினார்கள். தமிழில் மீன் அஃறிணை. 'காக்கிறது' என்ற வினைமுற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நம் மொழி தானாகவே கொடுக்கும் அந்த விடுதலையை ஏறக்குறைய யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தாய் மீன் காக்கிறது, தாய் மீன் பட்டினி கிடக்கிறது, தாய் மீன் குஞ்சுக்காக உயிரைக் கொடுக்கிறது. மூலத்தில் இல்லாத தாய் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து சொன்னாள்: "காவல் இருக்குன்னாலே அம்மாதான மேடம்?"

அந்தத் தாய் வெறுங்காற்றிலிருந்து வரவில்லை. பறவை தொட்டு அடைகாக்கும், மீன் பார்த்தே பொரிக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும் என்பது நம்மிடம் நெடுங்காலமாக உள்ள நம்பிக்கை. குரு சீடனுக்கு அருளும் தீக்கை வகைகளைச் சொல்லச் சைவர்கள் இந்த மூன்றையும் உவமையாக்கினார்கள். மதுரையில் இருப்பவளின் பெயருக்கும் இந்த விளக்கமே சொல்லப்படுகிறது: மீன் தன் முட்டையைக் கண்ணாலேயே காப்பதுபோல உலகத்தைப் பார்வையால் காப்பவள். தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் ஆண்பால், பெண்பால், இளமைப் பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்துகிறது. அங்கே கடலில் வாழும் ஆண் சுறாவுக்குக் கிடைத்த பெயர் 'ஏறு'. காளையின் பெயர், வலிமையின் பெயர். ஆண் நீர்வாழ் உயிர் என்றதும் வலிமை. காக்கும் மீன் என்றதும் தாய். உவமைகள் அழகானவை, நானும் அவற்றைப் பாடம் நடத்துகிறேன். ஆனால் உவமைக்கு வெளியே தண்ணீரில் நடப்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்ணீரில் எல்லா வகையும் உண்டு. நம் குளங்களில் பெருகிவிட்ட ஜிலேபி மீனில் தாய்தான் முட்டையை வாயில் வைத்துக் காக்கிறது. கடல் கெளுத்தியில் தந்தை. கோலிக்குண்டு அளவுள்ள முட்டைகளை வாயில் அடக்கிக்கொண்டு, வாரக்கணக்கில் சாப்பிடாமல் திரிகிறது. விராலில் இணையாகக் காவல் இருப்பதைப் பார்க்கலாம். கிராப்பியில் ஆண் மட்டும். காவல் என்பது ஒரு வேலை, இயற்கை அதை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை என்பதற்கு ஒரு குளத்துக் கரையே போதும்.

காவல் இருப்பது தாய் என்ற நினைப்பு மீனுக்கும் கேடு செய்கிறது. வசந்தத்தில் கிராப்பி பிடிப்பவர்களில் மனசாட்சியோடு நடப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வயிறு பருத்த பெண் மீன் மாட்டினால் அதைத் திருப்பி விட்டுவிடுவார்கள். வயிற்றில் முட்டை இருக்கிறது, பாவம் என்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கறுத்துப்போன ஆண் மீனை அதே ஆட்கள் யோசிக்காமல் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போடுவார்கள். அது வெறும் ஆண், முட்டை இல்லாதது. அந்த ஆணைத் தூக்கிய பின் பள்ளத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான முட்டைகளுக்கு ஆள் இல்லை. சுற்றிக்கொண்டிருந்த சிறு மீன்களுக்குச் சிறிது நேரம் கிடைத்தாலே போதும். இரக்கம் முழுவதும் கருப்பைக்குப் போய்விட்டது. காவல் என்ற வேலையைச் செய்கிறவரை அந்த இரக்கத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

லூசியானா மாநிலத்தில் இந்த மீனுக்குப் பிரெஞ்சில் 'சாக்-அ-லே' என்று பெயர். பால் பை என்று அதற்குப் பொருள். அங்கே வாழ்ந்த சோக்டா பழங்குடியினர் 'சாக்லி' என்று சொன்னதைக் கேட்ட பிரெஞ்சுக்காரர்கள், தங்கள் மொழியில் பொருள் வரும்படி அதை மாற்றிக்கொண்டார்கள் என்று சொற்பிறப்பு சொல்பவர்கள் கூறுகிறார்கள். வெள்ளை இறைச்சிக்காக அப்படித் தோன்றியிருக்கலாம். தந்தை காக்கும் மீனுக்குத் தாயின் பால் வந்து பெயராக ஒட்டிக்கொண்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். நாம் மட்டும் இப்படிச் செய்வதில்லை.

அக்கறை எப்படிக் கொக்கியாகிறது என்பதைக் கிராப்பியின் உறவுக்கார மீன் ஒன்றை வைத்து விஞ்ஞானிகள் நேராகவே பார்த்திருக்கிறார்கள். அது பெருவாய் பாஸ். அதிலும் ஆணே முட்டைக்குக் காவல். இல்லினாய்ஸ் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் 1970களில் ஒரு நீண்ட சோதனை தொடங்கியது. தூண்டிலில் திரும்பத் திரும்ப மாட்டும் மீன்களை ஒரு பக்கமும், மாட்டாத மீன்களை இன்னொரு பக்கமும் பிரித்து, மூன்று தலைமுறைக்கு வளர்த்தார்கள். டேவிட் ஃபிலிப்பும் அவரோடு இருந்தவர்களும் செய்த ஆய்வுகளில், எளிதில் மாட்டும் வழியில் வந்த ஆண்களே முட்டையைக் கூடுதல் மூர்க்கத்தோடு காப்பவை என்று தெரிந்தது. 2012இல் வெளியான ஆய்வு அவற்றுக்கே அதிகக் குஞ்சுகள் பிழைக்கின்றன என்று காட்டியது. அதாவது, நல்ல காவலாளியே முதலில் மாட்டுகிறான். அலட்சியமாக நிற்பவன் தப்பிக்கிறான். பல தலைமுறைகள் இப்படிப் போனால் தண்ணீரில் மிஞ்சுவது யாருடைய பிள்ளைகள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கிராப்பி ஏராளமாகப் பெருகும் மீன். ஓர் ஆண்டு குஞ்சு அதிகம், ஓர் ஆண்டு குறைவு என்பதைப் பெரும்பாலும் நீர்மட்டமும் வெயிலும் இரையும் முடிவுசெய்கின்றன. சின்னக் குளங்களில் அளவுக்கு மீறிப் பெருகி, எல்லாமே வளராமல் குட்டையாகிவிடுவதும் உண்டு. அதனால் பல மாநிலங்கள் முட்டைக் காலத்திலும் கிராப்பி பிடிக்கத் தடை விதிப்பதில்லை. ஒருவர் இத்தனைதான் எடுக்கலாம் என்று எண்ணிக்கையை மட்டும் வகுத்திருக்கின்றன. மினசோட்டாவில் அது 10. மொத்த மீன்வளத்துக்குச் சேதம் இல்லையென்றால் ஒரு பள்ளத்து முட்டை போனால் என்ன என்று கேட்பவரிடம் அறிவியல் ரீதியாகச் சண்டை போட முடியாது.

ஆனால் 'சேதம் இல்லை' என்ற கணக்கு எப்போதும் அப்படியே இருப்பதில்லை. கர்நாடகக் கடற்கரையில் சுருக்குமடி வலைகள் பரவிய பிறகு, வாயில் முட்டையும் குஞ்சும் சுமந்திருந்த ஆண் கெளுத்திகள் பெருந்திரளாக அள்ளப்பட்டன. மத்திய அரசின் கடல் மீன்வள ஆய்வாளர்கள் 1980களிலேயே அதை எச்சரிக்கையாக எழுதினார்கள். பிறகு அந்தக் கரையில் கெளுத்தி வரத்து சரிந்துபோனது. வாயில் பிள்ளையை வைத்திருப்பவன் வேகமாக ஓட மாட்டான், கூட்டமாக மேலே வருவான், எளிதில் அகப்படுவான். எளிதில் அகப்படுகிறது என்பதையே ஏராளமாக இருக்கிறது என்று படகுகள் புரிந்துகொண்டன.

அதைவிட எனக்கு முக்கியமானது இது. எண்ணிக்கை குறையவில்லை என்பது கிராப்பி இனத்தைப் பற்றிய பதில். நான் கேட்டது, பிடிக்கிற நம்மைப் பற்றிய கேள்வி. ஒரு வீட்டில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை வைத்து மட்டும் அங்கே நடந்தது நியாயமா என்று நாம் முடிவு செய்வதில்லை. எதைப் பிடித்து யாரை வளைத்தார்கள் என்றும் கேட்கிறோம்.

மிசிசிப்பி மாநிலத்தில் என் அக்கா மகள் வேலை பார்க்கிறாள். ஓர் ஏப்ரல் மாதம் அவளோடு கிரனாடா ஏரிக்குப் போயிருந்தேன். அது யாலோபுஷா ஆற்றில் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய பெரிய தேக்கம். பெரிய கிராப்பிக்குப் பேர்போன இடம். அருகிலுள்ள ஈனிட் ஏரியில்தான் 1957இல் உலகச் சாதனையான வெள்ளைக் கிராப்பி பிடிபட்டது. இரண்டு கிலோவுக்கு மேல். விலையுயர்ந்த படகுகள், மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் சோனார் கருவிகள். கரையில் மடக்கு நாற்காலி போட்டு, சாயம்போன தொப்பியுடன் ஒரு கறுப்பின மூதாட்டி மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பகுதியில் கறுப்பினப் பெண்கள் கரையில் அமர்ந்து மீன் பிடிப்பது தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம். பொழுதுபோக்கும் அதுதான், இரவுச் சாப்பாடும் அதுதான். அன்று அவர் வாளியில் ஐந்தாறு மீன்கள் கிடந்தன. அடுத்து மாட்டியது தலையெல்லாம் கறுத்த மீன். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, மீனை முழுவதும் வெளியே எடுக்காமலேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டார். ஏன் என்று அக்கா மகள் கேட்டதற்கு, "அவனுக்கு வீட்டில் வேலை இருக்கிறது" என்றார். பிறகு நாற்காலியை எடுத்துக்கொண்டு புதரைவிட்டு விலகி, ஆழமான இடத்தை நோக்கி நடந்தார். அங்கே மீன் குறைவாகத்தான் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

விடுவது என்பதிலும் முறை இருக்கிறது. உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்துவிடும். படம் எடுக்க உயர்த்திப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் முட்டைக்குக் காவல் இல்லை. களைத்துத் திரும்பும் மீன் பள்ளத்தைக் கைவிட்டுவிடுவதும் உண்டு. அதனால் பிடித்து விளையாடி விட்டுவிடுகிறேன், கொல்லவில்லையே என்பது முழு பதில் ஆகாது. ஆழத்தில் இன்னும் முட்டையிட வராத மீன்களையோ, காவல் முடிந்து திரும்பிய மீன்களையோ தேடுவதுதான் அந்த மூதாட்டி காட்டிய வழி. அதில் அவருக்குக் கொஞ்சம் நஷ்டம் இருக்கிறது. நஷ்டம் இல்லாத மரியாதையை நான் அதிகம் நம்புவதில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். தத்துவப் பேராசிரியர் சாரா ரடிக் 1989இல் எழுதிய நூலில், தாய்மையை ஓர் உடல்நிலையாகப் பார்க்காமல் ஒரு வேலையாகப் பார்க்கச் சொன்னார். காப்பது, வளர்ப்பது, பழக்குவது என்ற அந்த வேலையைச் செய்கிற ஆணும் தாய்மை செய்கிறான் என்றார். அறிவாற்றல் குறைபாடுள்ள மகளை வளர்த்த ஈவா கிட்டே, 1999இல் இன்னோர் அடி முன்னே போனார். தன்னால் இயங்க முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர், அந்தக் காரணத்தாலேயே தானும் பலவீனமான இடத்துக்குத் தள்ளப்படுகிறார் என்பது அவர் வாதம். நேரம், சம்பளம், பேரம் பேசும் வலு எல்லாம் அவர் கையைவிட்டுப் போகின்றன. கிராப்பியைப் பற்றிப் படித்தபோது கிட்டேயின் வாதம்தான் என் நினைவுக்கு வந்தது. காவல் இருப்பவரின் பலவீனம் அவர் உடம்பில் இல்லை. விட்டுவிட்டுப் போக முடியாது என்பதில் இருக்கிறது.

இதை நம்மில் பலர் சம்பளப் பட்டியலில் படித்திருக்கிறோம். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தேன். மாமியார் படுக்கையில். ஊரைவிட்டு நகர முடியாத நிலை. அந்த இரண்டு ஆண்டுகளில் என்னைவிடப் பிறகு சேர்ந்த ஆண்களுக்குச் சம்பளம் உயர்ந்தது, எனக்கு உயரவில்லை. கேட்டபோது நிர்வாகத்தில் இருந்தவர் கோபப்படவில்லை, சிரித்தார். "மேடம் எங்கே போயிடப் போறாங்க?" என்றார். அவர் என் குழந்தையையும் மாமியாரையும் பற்றி மிக அன்பாக விசாரிப்பவர். என் காவலை அவர் மதித்தார். மதித்ததால்தான் அது எவ்வளவு உறுதியானது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த உறுதியின் மேல்தான் கணக்குப் போட்டார்.

நாடு அளவிலும் இதே கணக்குதான். 2005இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தில் ஆஷா பெண்கள் கிராமம் கிராமமாகக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள். அரசின் ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள். கிடைப்பது ஊக்கத்தொகை. நள்ளிரவில் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால் அவர்கள் போகாமல் இருக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. பாராட்டு வந்தது, தொழிலாளி என்ற பெயர் வரவில்லை. கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்பு, பெற்றவளுக்குத் தெய்வம் என்ற பட்டம், காக்கிறவளுக்கு 'எங்கே போயிடப் போறாங்க' என்ற சிரிப்பு. பெண் கிராப்பியை விட்டுவிட்டு ஆண் கிராப்பியைப் பெட்டிக்குள் போடும் அதே இரக்கம்தான் இது. உயிர் தங்கும் வயிற்றை வணங்கும். உயிரைத் தாங்கும் உழைப்பைப் பார்க்காது.

இங்கே ஓர் எல்லை போட வேண்டும். பெண்ணும் மீனும் ஒன்றல்ல. கிராப்பிக்குக் காவலை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் வழி இல்லை. நமக்கு உண்டு. சங்கம் வைக்கலாம், வழக்குப் போடலாம், வேலையைப் பங்கு கேட்கலாம், சில சமயம் விட்டுவிட்டுப் போகவும் செய்யலாம். போகிறவளைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதும் என் கட்சி. மீனை உவமையாக்கிப் பெண்ணுக்குத் தியாகம் போதிப்பதைக் காலம் காலமாகச் செய்துவிட்டார்கள். நான் பார்க்கச் சொல்வது மீனை அல்ல, கழி பிடித்திருக்கும் கையை.

நம் ஊரிலும் அந்தக் கையைப் பார்க்கலாம். ஏரியில் விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோலத் திரண்டு மேலே வந்து மூச்செடுக்கும். அடியில் பெரிய விரால் நிற்கும் என்பது தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். குஞ்சுப் பந்தின் நடுவில் தவளையைப் போட்டால் பாய்ந்து கடிக்கும். விரால் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போகலாம். குஞ்சுகள் அன்று மாலைக்குள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரை. இதற்குத் தேவைப்படுவது பெரிய திறமை இல்லை. பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மரியாதையைச் சட்டமாக்கிய இடமும் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்களின் இனப்பெருக்கக் காலத்துக்காக 2001 முதல் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. முதலில் 45 நாட்கள், 2017 முதல் 61 நாட்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. தேவையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மாதங்களில் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்களின் கூடை என்ன ஆகிறது, கருவாடு போடும் பெண்களின் கை என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அது முழுமையான அறம். மீனின் காவலுக்கு நாம் தரும் மரியாதையின் செலவு, வீட்டுக் காவலில் நிற்கும் இன்னொருத்தியின் அடுப்பில் மட்டும் போய் விழக் கூடாது. படகுக்குச் சொந்தக்காரரும், மீன் தின்னும் நானும், அரசும் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். காவல் இருக்கும் உயிரைப் பிடிப்பது வேறு வகையான செயல். பிடிக்கிறவன் அங்கே தன் பலத்தால் வெல்வதில்லை. எதிரில் இருப்பவரின் மிகச் சிறந்த குணத்தை அவருக்கே எதிராகத் திருப்பி வெல்கிறான். அதைச் செய்யாமல் இருப்பதற்கு அந்த உயிர் தாயாக இருக்க வேண்டியதில்லை, பெண்ணாக இருக்க வேண்டியதில்லை, அதன் இனம் அழியும் நிலையில் இருக்க வேண்டியதில்லை, அது நம் வணக்கத்துக்கு உரியதாக இருக்க வேண்டியதும் இல்லை. அது நகர முடியாமல் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்தத் தெரிதல் போதும்.

மாணவியரே, அடுத்த முறை உங்களை யாராவது 'நீ இல்லாவிட்டால் இந்த வீடு என்ன ஆகும்' என்று புகழ்ந்தால், உடனே நெகிழ வேண்டாம். அதைச் சொன்னவர் அடுத்து எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். காவலில் பங்கு கேட்டு வந்தவர் என்றால் உட்காரச் சொல்லுங்கள். சம்பளத்தையோ, படிப்பையோ, தூக்கத்தையோ விட்டுத்தரச் சொல்கிறார் என்றால், நிதானமாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நீங்கள் எதை விட்டுத்தரப் போகிறீர்கள்?"